பக்கிங்காம் யார்? ஒரு பிரபுவின் வம்சமும் பெயரில்லாத நம் கொள்ளுப்பாட்டிகளும்

போன வருடம் மாகறலிலிருந்து எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்துப் பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப்போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டி ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு பாலம் வரும். கீழே அகலமாக, அசையாத தண்ணீர். அது என்ன ஆறு என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஆறில்லை, பக்கிங்காம் கால்வாய் என்றேன். "பக்கிங்காம்னா லண்டன்ல ராணி இருந்த அரண்மனைதானே அக்கா?" என்றாள். இல்லை, அது வேறு பக்கிங்காம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது. சமூகவியல் முதுகலை முடித்தவள் என்று பெயர்.

அதன்பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர் ஓரமாகப் போகும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. அந்தப் பாலாறு கடலில் கலப்பதற்குச் சற்று முன் இந்தக் கால்வாயைச் சந்திக்கிறது. அதனால் இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவர் மூன்றாம் பக்கிங்காம் கோமகன். 1875 நவம்பர் முதல் 1880 டிசம்பர் வரை மதராஸ் மாகாண ஆளுநர். தாது வருடப் பஞ்சம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை நம் மக்களை வாரிக்கொண்டு போன அந்தப் பஞ்சம், அதன்போது கோட்டையில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். முழுப் பெயர் ரிச்சர்டு பிளான்டாஜெனட் கேம்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். மூச்சு வாங்குகிறதா? இந்த நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு.

ஆண் வாரிசு இல்லாத பணக்கார வீட்டில் பெண் எடுத்தால் அந்த வீட்டின் நிலமும் பட்டமும் கூடவே வரும், வந்த வீட்டின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கிரென்வில் குடும்பம் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவைதான் டெம்பிள், நியூஜென்ட், பிரிட்ஜஸ், சாண்டோஸ் எல்லாம். பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒரு பட்டா என்று நினைத்துக்கொள்ளுங்கள். அகமணமுறைதான் சாதியைக் காப்பாற்றுகிறது என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் காட்டினார். இங்கிலாந்துப் பிரபுக்களுடையது சாதி இல்லை, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் யாரை யார் கட்டிக்கொள்வது என்பதை வைத்து நிலத்தை வெளியே போகவிடாமல் பார்த்துக்கொள்ளும் வித்தையை அவர்களும் நன்றாகக் கற்றிருந்தார்கள்.

அப்படி வந்த சொத்துகளில் ஒன்று கடல் கடந்து ஜமைக்காவில் இருந்தது. ஆளுநரின் தாத்தா, முதலாம் கோமகன், 1796இல் அன்னா எலிசா பிரிட்ஜஸ் என்ற பெண்ணை மணந்தார். சாண்டோஸ் பெயரும் அந்தப் பெண்வழியே வந்தது, கிங்ஸ்டன் நகரத்தை ஒட்டிய ஹோப் தோட்டமும் வந்தது. கரும்புத் தோட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மக்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே அடிமைகள். ஹோப் என்றால் ஆங்கிலத்தில் நம்பிக்கை. பெயர் முன்பிருந்த உடைமைக் குடும்பத்துடையது, யாரும் கிண்டலுக்கு வைத்ததில்லை. இன்று அந்த நிலத்தின் ஒரு பகுதியில் தாவரவியல் பூங்கா இருக்கிறது.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது. நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது, பயிற்சிக் காலம் என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானர்களிடம் வேலை செய்ய வேண்டியிருந்தது. முதலாம் பக்கிங்காம் கோமகன் 379 பேருக்காக 6,630 பவுன் பெற்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்குப் பதினேழரைப் பவுன். அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை பிரிட்டிஷ் அரசு 2015இல்தான் அடைத்தது.

இதே குடும்பத்தில்தான் வில்லியம் கிரென்வில் பிறந்தார். நம் ஆளுநருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி. அவர் பிரதமராக இருந்தபோதுதான், 1807இல், அடிமை வியாபாரத்துக்குத் தடை வந்தது. அவருடைய அப்பா ஜார்ஜ் கிரென்வில்லும் பிரதமர், அமெரிக்கர்களைக் கொதிக்க வைத்த 1765ஆம் ஆண்டு முத்திரை வரியைக் கொண்டுவந்தவர். ஒரே வம்சத்தில் ஒரு கை வியாபாரத்தைத் தடுக்கிறது, இன்னொரு கை 379 மனிதர்களுக்கு விலை வாங்குகிறது. பிரபுக்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதுபவர்கள் முதல் கையை அத்தியாயமாக எழுதுவார்கள், இரண்டாவதை அடிக்குறிப்பில் வைப்பார்கள்.

ஆளுநரின் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மகனைப் புரிந்துகொள்ள அவர் வேண்டும். இரண்டாம் கோமகன். பட்டத்துக்கு வருமுன் நாடாளுமன்றத்தில் மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளுக்காகப் பேசிவந்தவர். 1832 சீர்திருத்தச் சட்டத்தில் இவர் நுழைத்த ஒரு பிரிவை இன்றும் சாண்டோஸ் பிரிவு என்றே வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. வருடம் 50 பவுன் குத்தகை கட்டுபவர்களுக்கு, எப்போது வேண்டுமானாலும் நிலத்தைவிட்டு வெளியேற்றப்படக்கூடியவர்களாக இருந்தாலும், வாக்குரிமை. கேட்பதற்கு நல்ல காரியம். ஆனால் அங்கே ரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. நிலக்காரர் பார்க்க, எல்லார் முன்னாலும் யாருக்கு ஓட்டு என்று சொல்ல வேண்டும். எப்படிப் போட்டிருப்பார்கள் என்று நம் ஊராட்சித் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவர் 1841இல் அமைச்சரானார். வெளிநாட்டுத் தானியத்தின் மீதிருந்த வரியைக் குறைக்கப் பிரதமர் பீல் முடிவெடுத்ததும், சில மாதங்களிலேயே விலகினார். தானிய விலை இறங்கினால் நிலக்காரர்களுக்கு நஷ்டமாம். விவசாயிகளின் நண்பன் என்று அவருக்குப் பட்டப்பெயர் வேறு.

சொந்த வீட்டை மட்டும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஸ்டோவ் என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு மாளிகை, ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட தோட்டங்களோடு. 1845இல் விக்டோரியா மகாராணியை அங்கே வரவழைத்து ஆடம்பரமாக விருந்து வைத்தார். அப்போதே தலைக்கு மேல் கடன். இரண்டே வருடத்தில் பத்து லட்சம் பவுனுக்கு மேல் கடனில் மூழ்கி, ஜப்திக்காரர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். 1848இல் ஸ்டோவின் படங்கள், சிலைகள், நாற்காலி, பாத்திரம் எல்லாம் ஏலத்துக்குப் போயின. ஏலம் 40 நாள் நடந்தது. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டார். கோமகன் கடைசிக் காலத்தில் லண்டன் பாடிங்டன் ரயில் நிலைய ஓட்டலில் தங்கி, அங்கேயே 1861இல் இறந்தார்.

1823இல் பிறந்த மகனுக்கு ஏல சமயத்தில் 25 வயதுகூட ஆகவில்லை. மிச்சமிருந்த சொத்தைப் பொறுப்பெடுத்துக்கொண்டு கடனை அடைக்க ஆரம்பித்தார். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, நாடாளுமன்றம் என்று வழக்கமான பாதையில் வந்தவர்தான், ஆனால் வேலைக்கு அஞ்சாதவர். லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேக்கு 1853 முதல் 1861 வரை தலைவராக இருந்தார். தன் பண்ணைச் சரக்கை ஏற்றி இறக்கச் சொந்தமாக ஒரு சின்ன ரயில்பாதையே போட்டார். 1867-68இல் குடியேற்றநாட்டுத் துறை அமைச்சர். இலங்கையும் மொரீசியஸும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தன. நம் சேரிகளிலிருந்து கப்பலேறியவர்கள் போய் இறங்கிய இடங்கள் அவை. 1874இல் மனைவி இறந்தார். அடுத்த வருடம், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பனாக, மதராஸ் வந்து சேர்ந்தார்.

வந்த அடுத்த வருடமே மழை பொய்த்தது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், அதாவது அன்றைய நம் காஞ்சிபுரம் பகுதியையும் உள்ளடக்கிய மாவட்டத்தில், பஞ்சம் என்றால் என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மிராசுதாரர் கையில் நிலம். படியாள் கையில் மண்வெட்டி, அதுவும் பெரும்பாலும் மிராசுதாரருடையது. அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் சொல்லியிருந்தது. ஆனால் கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த பறையர் குடும்பத்துக்கு அந்தச் சட்டம் வந்ததே தெரியாது. குடிசை போட்ட மண்கூட மிராசுதாரருக்குச் சொந்தம். கூலி நெல்லாக வரும். விளைச்சல் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் படியளப்பு இல்லை. சேமிப்புக் குதிர் இருக்கும் வீட்டில் முதல் வருடம் வயிறு காயாது. குதிர் இல்லாத வீட்டில் முதல் மாதமே காயும். பஞ்சம் ஊருக்குப் பொதுவாக வந்தது என்று எழுதுபவர்களிடம் இதைக் கேளுங்கள்: முதலில் யார் வீட்டு அடுப்பு அணைந்தது?

பக்கிங்காம் ஆரம்பத்தில் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். 1876 கடைசியில் மதராஸ் அரசு ஒரு தனியார் கம்பெனி மூலமாக 30,000 டன் தானியத்தை ரகசியமாக வாங்கி வைத்தது. கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய் லிட்டனுக்குக் கோபம். சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு வேதவாக்கு. தானியம் எங்கே தேவையோ அங்கே விலை ஏறும், விலை ஏறினால் வியாபாரி தானாகக் கொண்டுவருவான் என்றார்கள். ஏறிய விலையைக் கொடுக்கக் கையில் காசு இல்லாதவனுக்கு என்ன வழி என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. அந்தப் பஞ்ச ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதியானது.

1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார். பஞ்சத்தில் கிடந்த மாகாணத்தின் ஆளுநரும் அதற்குப் போனார். அந்த மாதமே லிட்டன் தன் ஆளை மதராசுக்கு அனுப்பினார். அவர் பெயர் ரிச்சர்டு டெம்பிள். நம் கோமகனின் பெயரிலும் ரிச்சர்டும் டெம்பிளும் இருப்பதால் படிக்கும்போது குழம்பிவிடாதீர்கள், இரண்டு பேரும் வேறு வேறு.

இந்த டெம்பிளின் கதை தனியாகவே படிக்க வேண்டியது. 1873-74இல் வங்காளம், பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து 4,50,000 டன் அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர் இவர். பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு, வீண்செலவு செய்தவர் என்ற திட்டு. அதனால் மதராஸ் வந்தபோது தான் சிக்கனக்காரன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த நிரூபணத்தை நம் மக்களின் வயிற்றில் நடத்தினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. டெம்பிள் கூலி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலியை எதிர்த்து நிவாரணத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

மதராசில் எதிர்த்தவர் ஒரு மருத்துவர். சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். நாள் முழுக்க உடம்பால் உழைப்பவன் இந்தத் தானியத்தில் உயிரோடு இருக்க முடியாது, ஒன்றரை ராத்தல் தானியமும் கூடவே பருப்பும் வேண்டும் என்று விடாமல் எழுதினார். மார்ச்சில் மதராஸ் அரசு பாதி தூரம் இறங்கிவந்தது. சுமார் 570 கிராம் தானியம், கொஞ்சம் பருப்பு. அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் போனார்கள்? கிராம் கணக்கில் உயிரை நிறுக்கும் இந்த விவாதத்தைக் கோப்புகளில் படிக்கும்போது, மண் சுமந்த ஒருத்தியிடமாவது யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

1877 ஆகஸ்டில் மதராசில் கூட்டம் போட்டு, கோமகன் தலைமையில் லண்டன் மேயருக்குத் தந்தி அனுப்பி உதவி கேட்டார்கள். லட்சக்கணக்கான பவுன் வசூலானது. லிட்டனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. நேரில் மதராஸ் வந்து, நிவாரணத்தின் பிடியை இன்னும் இறுக்கிவிட்டுப் போனார்.

நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை வாங்கிக்கொள்ளும் தனி நிவாரணம் மதராசில் நடந்தது. மண் வேலை செய்தால் தறி பிடிக்கும் கை கெட்டுப்போகும் என்பது அதற்கான நியாயங்களில் ஒன்று. நியாயம்தான். பறையரின் கை எதற்கானது என்பதை மட்டும் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது மண்ணுக்கான கை என்று எல்லாருமே முடிவு செய்திருந்தார்கள், வெள்ளைக்காரனும், ஊரும்.

அந்தக் கைகள் வெட்டியதில் ஒன்றுதான் நாங்கள் கடந்த கால்வாய். முழுதும் அப்போது வெட்டியதில்லை. 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி மதராசிலிருந்து எண்ணூருக்கு வெட்டியதுதான் தொடக்கம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டதும் வடக்கும் தெற்கும் ஒன்றாயின. 1878இல் ஆளுநர் பெயரைச் சூட்டினார்கள். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் பக்கம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர்.

அதே பஞ்ச ஆண்டுகளில் ஊட்டியில் ஆளுநருக்கு ஒரு மாளிகை எழும்பியது. ராஜ்பவன் என்று நாம் அறிந்த கட்டடம். ஸ்டோவின் சாயலில் கட்டியது என்பார்கள். ஏலத்தில் காலியான அப்பாவின் வீட்டை மகன் நீலகிரியில் திரும்பக் கட்டிப் பார்த்தாரோ என்னவோ. அந்தக் குளிரில் அவருக்கு இருந்த ஏக்கத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னிக்கத்தான் முடியவில்லை.

பெரம்பூரில் பின்னி கம்பெனி தொடங்கிய ஆலைக்கும் பக்கிங்காம் என்றே பெயர் வைத்தார்கள். 1921இல் அந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் சாதி இந்துத் தொழிலாளர்களும் பிளவுபட்டு, புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்தன. எம். சி. ராஜா நம் மக்கள் பக்கம் நின்றார். அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்வது, அந்தப் பெயர் நம் வரலாற்றுக்குள் எத்தனை வாசல் வழியாக வந்திருக்கிறது என்பதற்காக.

பஞ்சத்தில் இந்தியா முழுவதும் இறந்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்பதே குறைந்தபட்ச மதிப்பீடு. மதராஸ் மாகாணத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 3.12 கோடி. பத்து வருடம் கழித்து 1881இல் எண்ணியபோது அது கூடவில்லை, குறைந்திருந்தது.

கோமகன் 1880 டிசம்பரில் ஊர் திரும்பினார். 1885இல் மறுமணம் செய்தார். 1889 மார்ச்சில் இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் கோமகன் பட்டம் அவரோடு முடிந்தது, கின்லாஸ் என்ற பட்டம் மட்டும் மூத்த மகள் மேரிக்குப் போனது. ஸ்டோவ் மாளிகை 1923 முதல் பள்ளிக்கூடம்.

அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1891இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். வீட்டு மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், நிலம் கேட்டால் மிராசுதாரர்கள் எப்படி மறிக்கிறார்கள் என்பதையும் அதில் எழுதினார். 1892இல் அரசாணை 1010 வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் மீட்கப் போராடுவது அதிலிருந்து தொடங்குவது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தாது வருடத்தில் அவர் பதினாறு பதினேழு வயதுப் பையன். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும் தம்பி தங்கைகள் பேச்சை 1892இலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பதினைந்து வருடம் முன்னால் போய், 1877இலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். நிலமில்லாதவன் பஞ்சத்தில் எப்படிச் சாகிறான் என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை உயிரோடு இருந்தபோது எழுதப்பட்ட ஆணை அது.

மாமல்லபுரம் போய்வந்த பிறகு படிப்பு வட்டத்தில் ஒரு பயிற்சி வைத்தேன். கரும்பலகையில் கோமகனின் குடும்ப மரத்தை வரைந்தேன். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா, யார் எந்த வருடம் பிறந்தார், யாரைக் கட்டினார், எவ்வளவு சொத்து வந்தது, எல்லாம் அரை மணி நேரத்தில் எழுதிவிட முடிந்தது. பிறகு அவரவர் குடும்ப மரத்தை எழுதச் சொன்னேன். பதினாலு பேரில் பாட்டனின் அப்பா பெயர் தெரிந்தவர்கள் ஐந்து பேர். அவருடைய மனைவி பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஜமைக்காவின் 379 பேர் தலைக்கணக்காகவாவது இழப்பீட்டுக் கோப்பில் இருக்கிறார்கள். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே மண் சுமந்த நம் பெண்கள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்?

அன்று ராத்திரி ஒரு பிள்ளையின் ஆயாவிடம் போய்க் கேட்டோம். எண்பது வயதுக்கு மேல், இன்றும் நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பவர். தாது வருசம் என்றதும், "எங்க ஆயாவோட ஆயா கோரக்கெழங்கு தோண்டித் தின்னு பொழச்சாளாம். கூடப் பொறந்தவ மண்ணு செமக்கப் போனவ, வரவேயில்ல. அவ்ளோதான் தெரியும்" என்றார். பெயர் கேட்டோம். யோசித்தார். "பேரு யாரு சொன்னா" என்றார்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளி, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம். பஞ்ச காலத்துக் கோப்புகளில் செங்கல்பட்டு மாவட்ட நிவாரண வேலைகள் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க உத்தேசம். வர விரும்புகிறவர்கள் கல்லூரி அடையாள அட்டையும் துறைத் தலைவரிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். போவதற்கு முன் வீட்டில் இருக்கும் ஆயாவிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசி, சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.